நாலு மணி என்று சொன்னேன்

என் மருமகளின் அண்ணனுக்கு நெஞ்சுவலி வந்தது காலை எட்டு மணிக்கு. மருத்துவரிடம் நான் சொன்னது விடியற்காலை நாலு மணி. நடுவில் கிடக்கும் அந்த நாலு மணி நேரத்தைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்கு எழுபத்துமூன்று வயது. வேதியியல் ஆசிரியராக வேலைக்குச் சேர்ந்து தலைமை ஆசிரியராக ஓய்வு பெற்றவன். பள்ளிக்கு ஒரு நாளும் தாமதமாகப் போனதில்லை என்பதில் எனக்குப் பெருமை உண்டு. வீட்டு விசேஷங்களிலும் அப்படியே. பத்திரிகையில் ஒரு நேரம் போட்டுவிட்டால் அந்த நேரத்துக்கு நடந்தாக வேண்டும். என் மனைவி கேலி செய்வாள்: "கல்யாணமோ கருமாதியோ, இவுகளுக்குப் பெல் அடிச்ச மாதிரி நடக்கணும்."

மூன்று வருடங்களுக்கு முன்பு பேத்திக்குக் காதணி விழா வைத்தோம். எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்கு மொட்டை எடுத்துக் காது குத்துவார்கள். என் மருமகளுக்கு ஒரே ஒரு அண்ணன். சிங்கப்பூரில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு விடுப்புக் கிடைக்காததால் விழாவை இரண்டு தடவை தள்ளிவைத்திருந்தோம். பிள்ளைக்கு மூன்று வயது முடியப்போகிறது. அதைத் தாண்டவிடக் கூடாது என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். மூன்றாவது முறை பன்னிரண்டு நாள் விடுப்பில் வந்தார். அந்தப் பன்னிரண்டு நாளுக்குள் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் தோதாக அமைந்தது. அன்னவாசலைத் தாண்டி இருக்கும் எங்கள் குலதெய்வக் கோயிலில், காலை பத்தரை மணிக்கு மேல் பன்னிரண்டு மணிக்குள். பன்னிரண்டுக்கு எமகண்டம் தொடங்கிவிடும். பத்திரிகையை நானே எழுதி, நானே பிழை திருத்தினேன். என் பெயருக்குக் கீழே எம்.எஸ்ஸி., எம்.எட். என்று போட்டிருந்தேன்.

மருமகளின் அண்ணனுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. முதல் நாளே சீர்த்தட்டுகளோடு புதுக்கோட்டையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து தங்கினார். அவருடைய அப்பா, அம்மா, மனைவி, பிள்ளைகள் எல்லோரும் பொன்னமராவதிப் பக்கத்தில் இருக்கும் அவர்கள் ஊரிலிருந்து வேனில் நேராகக் கோயிலுக்கு வந்துவிடுவதாக ஏற்பாடு. இதை ஏன் சொல்கிறேன் என்றால், காலையில் நடந்ததைப் பார்த்தவர்கள் எங்கள் வீட்டில் இருந்தவர்கள் மட்டும்தான்.

காலை எட்டு மணிக்கு அவர் ஒரு சீர்த்தட்டோடு மாடியிலிருந்து இறங்கி வந்தார். பாதிப் படியில் தட்டைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். நேரம் எனக்கு நன்றாகத் தெரியும். எட்டு மணிச் செய்தி தொடங்கியிருந்தது. நான் டி.வி.யின் சத்தத்தைக் குறைக்கச் சொன்னேன்.

"என்ன தம்பி?"

"ஒண்ணுமில்லை மாமா. நெஞ்சுல யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கு."

சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. என் மனைவி ஓமத் தண்ணீர் கொண்டுவந்தாள். "ராத்திரி ரெண்டு முட்டைப் பரோட்டா தின்னாருல்ல, அதான் வாயு" என்றாள். மருமகள் அண்ணனின் முகத்தைப் பார்த்துவிட்டு அழத் தொடங்கினாள். அவரை மட்டும் ஏற்றிக்கொண்டு நான் வண்டியை எடுத்தேன். அதுவரை நான் செய்தது சரிதான்.

ஊருக்குள்ளேயே ஒரு தனியார் மருத்துவமனை. எட்டு இருபதுக்குப் போய்ச் சேர்ந்தோம். நெஞ்சுவலி என்றதும் காத்திருக்க வைக்கவில்லை. வாசலிலேயே ஒரு நர்ஸ், "எப்ப இருந்து வலி?" என்று கேட்டார். "காலையில இருந்து" என்றேன். அதுவும் உண்மைதான். அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். ஈசிஜி எடுத்தார்கள். அவசரப் பிரிவில் இருந்த மருத்துவர் இளம்பெண். முப்பது வயது இருக்காது. காகிதத்தை இரண்டு தடவை பார்த்தார்.

"ஈசிஜி நல்லா இருக்கு சார். ஆனா ஈசிஜியில தெரியாத அட்டாக்கும் உண்டு. ரத்தத்துல ட்ரோபோனின் பார்த்திரலாம்."

எட்டு நாற்பதுக்கு ரத்தம் எடுத்தார்கள். நான் என் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். அதற்குள் அவருக்கு வியர்வை அடங்கிவிட்டது. "இப்ப வலி இல்லை மாமா, போயிருவோமா?" என்று அவரே கேட்டார். நான்தான், ரிப்போர்ட் வரட்டும் என்றேன். இதையும் எனக்குச் சாதகமாகச் சொல்லவில்லை. ரிப்போர்ட் கையில் இருந்தால் மறுபேச்சு இருக்காது என்று நினைத்தேன்.

ஒன்பது மணிக்கு முடிவு வந்தது. மருத்துவர் சிரித்த முகத்தோடு வந்தார்.

"அளவு ரொம்பக் கம்மியா இருக்கு சார். நல்ல செய்திதான். இன்னொரு தடவை எடுத்துப் பார்த்துட்டு அனுப்பிடறேன்."

"இன்னொரு தடவை எப்ப?"

"முதல்ல எடுத்ததுல இருந்து ரெண்டு மணி நேரம் கழிச்சு."

நான் விழாவைப் பற்றிச் சொன்னேன். நானூறு பேர் வருகிறார்கள், இவர் மடியில்தான் பிள்ளையை வைக்க வேண்டும், இவர் இல்லாமல் எதுவும் நடக்காது என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு எனக்குப் புரியும்படி விளக்கினார்.

"சார், இதயத் தசை அடிபட்டா அதுல இருக்குற ஒரு புரதம் ரத்தத்துல கசியும். அதைத்தான் அளக்குறோம். ஆனா கசிஞ்சு ரத்தத்துல சேர நேரம் ஆகும். முன்னெல்லாம் ஆறு மணி, பன்னெண்டு மணி நேரம் ஆளை வச்சுப் பார்ப்போம். இப்ப வந்திருக்குற மெஷின் ரொம்ப நுணுக்கமா அளக்கும். அதனால அட்டாக் இல்லைன்னா இல்லைன்னு சீக்கிரமே சொல்லிடலாம். வலி வந்து மூணு மணி நேரத்துக்கு மேல ஆகியிருந்து, அளவும் இவ்வளவு கம்மியா இருந்தா, இந்த ஒரு டெஸ்ட்டே போதும். இப்பத்தான் வலி வந்ததுன்னா மட்டும் ரெண்டாவது தடவை எடுத்து, ஏறுதான்னு பார்க்கணும்."

இவ்வளவும் சொன்ன பிறகுதான் கேட்டார்: "இவருக்கு வலி சரியா எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது?"

விடையைச் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்டால் மாணவன் என்ன எழுதுவான் என்பது எனக்குத் தெரியும். முப்பத்துநாலு வருடம் விடைத்தாள் திருத்தியவன் நான். அந்தப் பெண்ணுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. படித்த, வயதான ஒரு மனிதர் தன் உறவினரின் உயிர் விஷயத்தில் பொய் சொல்வார் என்று அவர் ஏன் எதிர்பார்க்க வேண்டும்?

நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். பத்து நாற்பதுக்கு ரத்தம். பதினொரு மணிக்கு முடிவு. கோயிலுக்குப் போய்ச் சேரப் பதினொன்றரை. அதற்குப் பிறகு மொட்டை எடுத்து, பிள்ளையைக் குளிப்பாட்டி, காது குத்த வேண்டும். அரை மணி நேரம்தான் மிஞ்சும். அந்த அரை மணி எனக்குப் போதவில்லை.

"விடியக்காலை நாலு மணிக்கு" என்றேன்.

கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்தார். அவ்வளவுதான். மருத்துவர் அவர் பக்கம் திரும்பி, "அப்படியா சார்? நாலு மணிக்கேவா?" என்று கேட்டார்.

"மாமா சொல்றது சரிதான்" என்றார் அவர்.

அவர் தங்கை எங்கள் வீட்டில் வாழ்கிறாள். தங்கையின் மாமனார் நாலு பேர் முன்னால் ஒன்றைச் சொல்லும்போது, அப்படி இல்லை என்று அவர் மறுத்துப் பேசமாட்டார். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அப்படித்தான் வளர்கிறார்கள். சொல்லும்போதே இது எனக்குத் தெரியும். அவர் மரியாதையை நம்பித்தான் அந்தப் பொய்யைச் சொன்னேன்.

மருத்துவர் தாளில் 'வலி தொடக்கம் அதிகாலை 4 மணி' என்று எழுதினார். "அப்ப சரி சார், போகலாம். திரும்ப வலி வந்தா ஒரு நிமிஷம்கூட யோசிக்காம வந்துடணும். நாளைக்கு ஒரு இதய டாக்டரைப் பார்த்துடுங்க" என்றார். நான் நன்றி சொன்னேன். வண்டியில் போகும்போது அவர் ஒரு தடவை, "டயத்துக்குப் போயிரலாம் மாமா" என்றார்.

பத்தேகாலுக்குப் போய்விட்டோம். பத்தரைக்குத் தொடங்கிவிட்டது.

வேதியியல் படித்தவன் செய்யக்கூடாத தவறு இது என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. ஆய்வகத்தில் பிள்ளைகளுக்கு டைட்ரேஷன் சொல்லிக்கொடுக்கும்போது, ப்யூரெட் என்ற கண்ணாடிக் குழாயைத் திறந்து முதல் சொட்டு விழுந்ததும் நிறம் மாறவில்லை என்று குடுவையைக் கொட்டுகிறவனை நான் சும்மா விட்டதில்லை. "நேரம் கொடுடா, சொட்டுச் சொட்டா விழட்டும்" என்பேன். அந்த மனிதரின் ரத்தம் எடுக்கப்பட்டபோது வலி தொடங்கி நாற்பது நிமிடம்தான் ஆகியிருந்தது. அதில் எதுவும் தெரியாமல் இருந்ததற்கு ஒரு பொருளும் இல்லை. நான்தான் அதற்கு ஒரு பொருளைக் கொடுத்தேன்.

விழா வீடியோ இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. பிள்ளை மாமன் மடியில் உட்கார்ந்து கத்துகிறாள். ஆசாரி ஊசியை எடுக்கிறார். மாமன் இடது கையால் பிள்ளையை அணைத்துக்கொண்டு வலது கையால் தன் தோளைப் பிடித்துவிட்டுக்கொள்கிறார். முகமெல்லாம் வியர்வை. கூட்டத்தில் யாரோ சொல்வது கேட்கிறது: "சிங்கப்பூர்ல அம்பது டன்னைத் தூக்குறவரு, இத்துனூண்டு பிள்ளையத் தூக்க இப்படி மூச்சு வாங்குறாரே!" எல்லோரும் சிரிக்கிறார்கள். அதில் என் சிரிப்பும் கேட்கிறது.

பந்தி முடிந்து ஒன்றரை மணி இருக்கும். அவருக்குத் திரும்ப வலி வந்திருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. அவர் மனைவி மட்டும் கவனித்துவிட்டுக் கேட்டாள். காலையிலேயே ரத்தம் பார்த்து நார்மல் என்று சொல்லிவிட்டார்கள், இது வாயுதான் என்று சொல்லி ஒரு சோடா வாங்கிக் குடித்திருக்கிறார். இரண்டாவது சோடாவும் குடித்திருக்கிறார். அந்த இரண்டரை மணி நேரமும் அவரை உட்கார வைத்தது 'நார்மல்' என்ற சொல்தான். நாலு மணிக்கு, பாத்திரங்களை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, வாந்தி எடுத்துக் கீழே விழுந்தார்.

புதுக்கோட்டை அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். இந்த முறை ஈசிஜியிலேயே தெரிந்தது. ட்ரோபோனினும் காலையில் இருந்ததைவிடப் பல மடங்கு ஏறியிருந்தது. ஊசி போட்டு, தஞ்சாவூருக்கு அனுப்பி, அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள். உயிர் பிழைத்தார். ஆனால் இதயத்தின் ஒரு பகுதித் தசை செத்துவிட்டது, அது திரும்ப வராது என்றார்கள். "சில மணி நேரம் முன்னாடி வந்திருந்தா இவ்வளவு போயிருக்காது" என்றார் அங்கிருந்த மருத்துவர்.

"காலையிலேயே காட்டினோம் சார். நார்மல்னு சொல்லி அனுப்பிட்டாங்க" என்றார் அவருடைய அப்பா, என் சம்பந்தி. விவசாயி. நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

மூன்றாம் நாள் சம்பந்தி இரண்டு உறவினர்களோடு என் வீட்டுக்கு வந்தார். "அந்த ஆசுபத்திரிக்குப் போயி நாலு வார்த்தை கேக்காம விடக்கூடாது சம்பந்தி. நாங்க பேசுனா சண்டையாப் போயிரும். நீங்க படிச்சவக. நீங்க வந்து முறையாக் கேளுங்க" என்றார். நான் சட்டையை மாட்டிக்கொண்டு போனேன்.

இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்கு எழுதக் கஷ்டமான பகுதி. முதல் பொய்யை அவசரத்தில் சொன்னேன் என்று யாராவது எனக்காகப் பரிந்து பேசலாம். இரண்டாவதற்கு அப்படி யாரும் பேச முடியாது.

மேலாளரின் அறையில் எங்களை உட்கார வைத்து அந்தப் பெண் மருத்துவரைக் கூப்பிட்டார்கள். கையில் அன்றைய தாளோடு வந்தார். முகம் வெளுத்திருந்தது. சம்பந்தி பொறுக்க முடியாமல், "ஏம்மா, எம்புள்ள என்ன கோழிக்குஞ்சா? பார்த்துட்டு ஒண்ணுமில்லைன்னு தூக்கி எறிய?" என்று கத்திவிட்டார். மருத்துவர் என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"சார், நாலு மணிக்கு வந்த வலின்னா, எட்டு நாப்பதுக்கு எடுத்த ரத்தத்துல கண்டிப்பா ஏதாவது தெரிஞ்சிருக்கணும். எனக்குப் புரியலை. நீங்கதான் கூட இருந்தீங்க. சரியா நாலு மணிதானா சார்?"

அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அது ஒரு கதவு. அவர் அதைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார்.

"நான் சொன்னது சொன்னதுதாம்மா. உங்க மெஷின்தான் தவறவிட்டிருக்கு" என்றேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். "சரி சார்" என்று சொல்லித் தாளை மடித்துக்கொண்டார். மேலாளர் எங்களிடம் வருத்தம் தெரிவித்தார். வெளியே வந்ததும் சம்பந்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இருந்ததுனாலதான் அவுக வாயத் தொறக்கல" என்றார். சில மாதங்கள் கழித்து அந்தப் பக்கம் போனபோது பெயர்ப்பலகையில் அந்தப் பெண்ணின் பெயர் இல்லை. அவராகப் போனாரா, போகச் சொன்னார்களா என்று நான் விசாரிக்கவில்லை. விசாரிக்கப் பயமாக இருந்தது.

பொய் எப்படி மூன்று வருடம் நின்றது என்று கேட்கலாம். வலி எட்டு மணிக்கு வந்தது என்று என் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தாளில் நாலு மணி என்று இருந்தது அவர்களுக்குத் தெரியாது. தாளில் நாலு மணி என்று இருந்தது சம்பந்திக்குத் தெரியும். எட்டு மணி என்பது தெரியாது. இரண்டையும் அறிந்தவர்கள் நானும் அவரும்தான். அவர் பேசவில்லை.

கிரேன் வேலைக்கு உடல்தகுதிச் சான்று வேண்டும். அது இனிக் கிடைக்காது. சிங்கப்பூரில் அவருடைய பெட்டியை ஒரு நண்பர் கட்டி அனுப்பினார். இப்போது பொன்னமராவதியில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். தண்ணீர்க் கேனைத் தூக்கக்கூடாது, வேகமாக நடக்கக்கூடாது. அவர் மனைவி ஒரு தனியார் பள்ளியில் அலுவலக வேலைக்குப் போகிறாள். என்னைப் பெரியப்பா என்று கூப்பிடுவாள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வரும்போதெல்லாம் ஏதாவது ஒரு பேச்சில் அது வந்துவிடும்: "அந்த டாக்டரம்மா மட்டும் ஒழுங்காப் பார்த்திருந்தா..." அவர் எழுந்து வெளியே போய்விடுவார். நான் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டிருப்பேன்.

இந்த வருடம் ஆடி மாதத்தில் அவர்கள் வந்திருந்தபோது அவள் சொன்னாள்: "பெரியப்பா, தெரியுமா சேதி? அந்தம்மா அன்னவாசல்ல சொந்தமா கிளினிக் போட்டிருக்காம். நான் நம்ம சொந்தக்காரங்க குரூப்புல வாய்ஸ் மெசேஜே போட்டுட்டேன். அங்கிட்டு யாரும் கால் வைக்காதீங்க, எங்க வீட்டுக்காரரை இப்படி ஆக்குனது அதுதான்னு. ஊர்ஊரா ஃபார்வர்டு ஆயிருக்கு."

அவர் அப்போதும் எழுந்து வெளியே போனார். வாசலில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். மருத்துவமனைக் கட்டிலில் இருந்து பார்த்த அதே பார்வை.

நாலைந்து நாள் யோசித்துவிட்டு ஒரு காலையில் பஸ் ஏறி அன்னவாசல் போனேன். சின்னக் கிளினிக். உள்ளே நாலு நாற்காலி, ஒரு மின்விசிறி. எனக்கு முன்னால் ஒரே ஒரு நோயாளி. நடுத்தர வயதுப் பெண், கூடவே அவளுடைய மாமியார். கதவு பாதி திறந்திருந்தது. மாமியார்தான் பேசிக்கொண்டிருந்தார்.

"நேத்து சாயங்காலம் லேசாக் கிறுகிறுன்னு வருதுன்னா..."

"அம்மா, நீங்க கொஞ்சம் வெளியில இருங்க."

"நான் அவ மாமியாம்மா. நான்தான எல்லாம் பார்க்குறேன்."

"தெரியுதும்மா. அவங்க சொல்லட்டும். அப்புறம் உங்ககிட்டயும் கேக்குறேன்."

அந்த அம்மாள் முணுமுணுத்துக்கொண்டே வெளியே வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். "பெரியவுகளை மதிக்கத் தெரியல பாருங்க" என்றார் என்னிடம். நான் தலையாட்டவில்லை.

என் முறை வந்தது. மருத்துவர் என்னைப் பார்த்த உடனே அடையாளம் கண்டுகொண்டார். உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே சொன்னேன்.

"அன்னைக்கு வலி வந்தது எட்டு மணிக்கும்மா. நான் நாலு மணின்னு பொய் சொன்னேன். அப்புறம் மேனேஜர் ரூம்ல நீங்க கேட்டப்பவும் பொய் சொன்னேன்."

அவர் ரத்த அழுத்தக் கருவியின் பட்டையைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சுருட்டி முடித்து மேசையில் வைத்தார்.

"தெரியும் சார். நான் அனுப்புன ஆள் அன்னைக்குச் சாயங்காலமே அட்டாக்கோட விழுந்தாருன்னதும், எந்த இடத்துல தப்புன்னு திரும்பத் திரும்பப் பார்த்தேன். நேரம் ஒண்ணுதான் இடிச்சது. என் தப்பும் இருக்கு. நேரத்தைக் கேட்டுட்டுத்தான் விதியைச் சொல்லியிருக்கணும். அவரைத் தனியாக் கேட்டிருக்கணும். இப்ப அப்படித்தான் செய்றேன்."

"உங்க தப்பு இல்லைம்மா."

"அவங்க வீட்டுல சொல்லிட்டீங்களா சார்?"

"இன்னும் இல்லை."

"அப்ப எங்கிட்ட எதுக்கு வந்தீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டது போல இருந்தது. நான் கதவு வழியே பார்த்தேன். வெளியே வேறு யாரும் இல்லை. நாலு நாற்காலியும் காலி. அது காலியாக இருந்ததற்கு யார் காரணம் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் மாலை பொன்னமராவதிக்குப் போனேன். அவர்கள் வீட்டில் சம்பந்தி, அவர், அவர் மனைவி மூவரும் இருந்தார்கள். "வாங்க மாமா, சொல்லாம கொள்ளாம வந்திருக்கீங்க" என்றார். எதற்கு வந்தேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். டி.வி.யை நிறுத்தினார். நான் மூன்று பேரையும் உட்காரச் சொல்லி, எட்டு மணியிலிருந்து தொடங்கி, மேலாளர் அறை வரைக்கும் ஒன்றையும் விடாமல் சொன்னேன்.

சம்பந்தி தோள் துண்டை எடுத்து மடித்தார், பிரித்தார், திரும்ப மடித்தார். நான் படித்தவன் என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனவர் அவர். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அவள் கணவன் பக்கம் திரும்பினாள். "ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"டாக்டர் ஒங்களையும் கேட்டாங்களா?"

"கேட்டாங்க. மாமா சொல்லும்போது நான் எப்படி இல்லைன்னு சொல்றது?"

"மூணு வருசமா நான் அந்தப் பொண்ணை வாயில வந்ததெல்லாம் பேசுறேன். கேட்டுக்கிட்டுத்தான இருந்தீங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "தங்கச்சி அந்த வீட்டுல இருக்காள்ல" என்றார் மெதுவாக.

"அவர் மேல தப்பில்லைம்மா. நான் சொல்ல வச்சேன்" என்றேன்.

அவள் எழுந்து உள்ளே போனாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். கைப்பேசியோடு திரும்பி வந்தாள். உறவினர்களின் குரூப்பைத் திறந்து என் முன்னால் நீட்டினாள்.

"நான் எந்தக் குரூப்புல போட்டேனோ அதே குரூப்புல நீங்க சொல்லுங்க பெரியப்பா. ஒங்க குரல்லயே."

அந்தக் குரூப்பில் யார் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். காதணி விழாவுக்கு நான் பத்திரிகை வைத்த வீடுகள் எல்லாம் அதில் இருந்தன. என் மகன் இருந்தான், மருமகள் இருந்தாள். "எழுதிப் போடட்டுமா?" என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். பொத்தானை அழுத்திப் பிடித்தாள்.

"அனைவருக்கும் வணக்கம். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு நமது இல்ல விழாவின்போது எதிர்பாராத விதமாக ஏற்பட்ட ஒரு சூழ்நிலையில், மருத்துவரிடம் தெரிவிக்கப்பட்ட ஒரு தகவல்..."

அவள் விரலை இழுத்து அழித்துவிட்டாள். "யாரு தெரிவிச்சது? அதைச் சொல்லுங்க."

பள்ளிக்கூட ஆண்டறிக்கை வாசிக்கிற மாதிரி பேசியிருக்கிறேன் என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது. இரண்டாவது தடவை சொன்னேன்:

"தம்பிக்கு... இல்ல, என் மருமகளோட அண்ணனுக்கு அன்னைக்கு வலி வந்தது காலையில எட்டு மணிக்கு. நாலு மணின்னு டாக்டர்கிட்டப் பொய் சொன்னது நான். ரெண்டாவது ரத்தப் பரிசோதனைக்கு இருக்க வேணாம்னு, காதுகுத்துக்கு நேரமாச்சுன்னு சொன்னேன். டாக்டர் சரியாத்தான் பார்த்தாங்க. யாருக்காவது நெஞ்சு வலிச்சா, கேக்குற நேரத்தைச் சரியாச் சொல்லுங்க. இருக்கச் சொன்னா இருங்க."

அவள் ஒரு தடவை முழுவதும் போட்டுக் கேட்டாள். என் குரல் எனக்கே யாரோ கிழவனுடையது போலக் கேட்டது. பிறகு அனுப்பினாள்.

கைப்பேசியை மேசைமேல் வைத்துவிட்டு நால்வரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். கேட்டவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. யாரும் ஒரு வார்த்தை பதில் போடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என் சட்டைப்பையில் இருந்த கைப்பேசி அடித்தது. மருமகள்.

"மாமா, எங்க இருக்கீங்க?"

"ஒங்க அண்ணன் வீட்டுலம்மா."

மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "அண்ணன்கிட்டக் குடுங்க" என்றாள்.

கொடுத்தேன். அவர் கைப்பேசியை வாங்கிக்கொண்டு, என் பக்கம் பார்க்காமல், கொல்லைப்புறமாக மெதுவாக நடந்து போனார்.